சின்னக் கல்லூரியில் சேரலாமா? மூன்று வருடம் இருந்துவிட்டு எழுதுகிறேன்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, நீ படிச்ச காலேஜ்லயே அப்ளிகேஷன் போடட்டுமா? நல்லா இருக்குமா?" போடு என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் தெருவில் ஓர் அம்மா தண்ணீர்க் குழாயடியில் வைத்து இதையே கேட்டார். ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதற்கு ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரிப் பெயரைப் போடப்போவதில்லை. நான் கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன், நான் நல்லவிதமாகச் சொல்லப்போகும் ஆட்களில் சிலர் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறார்கள். கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம், மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிற எத்தனையோ கலை அறிவியல் கல்லூரிகளில் ஒன்று, மொத்தமே அறுநூறு பேர் படிக்கிற இடம் என்பது மட்டும் போதும். 2022இல் சேர்ந்து 2025இல் பி.காம். முடித்தேன்.

முதலில் ஒரு விஷயம். அரசு உதவி பெறும் கல்லூரி என்று போர்டில் பார்த்துவிட்டு எல்லாப் பாடமும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதே கட்டடத்தில் சுயநிதிப் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரே வராந்தா, ஒரே மணி, ஒரே கேன்டீன், ஆனால் ஃபீஸ் வேறு. முக்கியமாக ஆசிரியர் சம்பளம் வேறு. அந்தப் பக்கம் அரசு சம்பளம் வாங்குகிற பேராசிரியர்கள் இருபது வருடமாக அதே நாற்காலியில் இருப்பார்கள். இந்தப் பக்கம் எங்களுக்கு மூன்று வருடத்தில் அக்கவுண்டன்சிக்கு மட்டும் நான்கு பேர் மாறினார்கள். அதில் இரண்டாவதாக வந்த மேடம் அவ்வளவு நன்றாக நடத்துவார், தீபாவளி லீவு முடிந்து வந்து பார்த்தால் அவர் இல்லை, மதுரையில் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம். யாரையும் குறை சொல்ல முடியாது. நான் சேரும்போது எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். அப்ளிகேஷன் வாங்கும்போதே உங்கள் பாடம் எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மாணவர் உதவி. எங்கள் கல்லூரியில் மாணவர் உதவி என்றால் அது ஆபீஸில் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்திருக்கிற அக்காதான். ப்ராஸ்பெக்டஸில் ஏழெட்டு 'செல்' போட்டிருப்பார்கள், குறைதீர் செல், ஸ்காலர்ஷிப் செல், வேலைவாய்ப்பு செல் என்று. அதெல்லாம் அட்டையில். ஆள் என்று பார்த்தால் அந்த அக்கா ஒருத்தர்.

நான் சேர்ந்த வருடம் செப்டம்பர் 5ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு, கல்லூரி முடிக்கிற வரை மாதம் 1,000 ரூபாய். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் தகுதி உள்ளவர்கள். எங்கள் வீட்டில் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை, ஆயிரம் ரூபாய் என்றால் எங்களுக்கு என்ன கணக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., ஆதார், பாஸ்புக் எல்லாம் கொடுத்தோம். மற்றவர்களுக்குப் பணம் வந்தது, எனக்கும் இன்னும் நான்கு பேருக்கும் வரவில்லை. பேங்கில் போய்க் கேட்டால் ஆதார் இணைத்திருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். கல்லூரியில் கேட்டால் லிஸ்ட்டில் பெயர் இருக்கிறது, பணம் போய்விட்டது என்று காட்டுகிறது.

அந்த அக்கா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, போன வருஷம் புது சிம்மு எதுவும் வாங்குனியா? கைரேகை வச்சியா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமாம், ப்ளஸ் டூ படிக்கும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் வாங்கினேன். "அதான். அந்தக் கடைக்காரன் சிம்மோட சேத்து உனக்கு ஒரு பேமென்ட் பேங்க் அக்கவுண்டையும் தொறந்து விட்டிருக்கான். உன் ரூவா பூரா அதுல போயி ஒக்காந்திருக்கு." நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. பாஸ்புக்கோடு ஆதார் நம்பரைச் சேர்ப்பது வேறு, அரசாங்கப் பணம் எந்தக் கணக்கில் விழ வேண்டும் என்று என்.பி.சி.ஐ.யில், அதாவது பேங்குகளுக்கு இடையே பணம் அனுப்புவதைப் பார்க்கிற தேசிய அமைப்பில், பதிவாவது வேறு. கடைசியாக எந்தக் கணக்குக்குச் சம்மதம் கொடுத்தோமோ அதில்தான் விழும். மூன்று மாதப் பணம் எனக்கே தெரியாத என் கணக்கில் இருந்தது. பேங்கில் ஒரு ஃபார்ம் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். மற்ற நான்கு பேரில் இரண்டு பேருக்கும் இதே கதை. ஒருத்திக்கு ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருந்தது, மார்க் ஷீட்டில் முன்னால் இருந்தது. அதற்கும் அக்காவே இ-சேவை மையத்துக்குப் போகச் சொல்லி, என்ன கேட்க வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழிக்கு இந்தப் பணம் கிடையாது. அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் வசதியில் ஒரு வித்தியாசமும் இல்லை, சொல்லப்போனால் அவர்கள் வீடு இன்னும் கஷ்டம். இரண்டரை வருடம் நான் மாதா மாதம் மெசேஜ் வந்ததும் போனைத் திருப்பி வைத்துக்கொள்வேன். உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு என்று அரசு நீட்டித்து, 2024 டிசம்பர் 30ஆம் தேதி தூத்துக்குடியில் விழா வைத்தபோது நாங்கள் மூன்றாம் வருடத்தின் பாதியைத் தாண்டியிருந்தோம். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் அந்த வருடம் ஆகஸ்டில்தான் வந்திருந்தது. இப்போது சேர்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இருக்காது. சிம் கடை விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டாம் வருடம் அந்த அக்கா பிரசவ லீவில் போனார். ஆறு மாதம். அந்த மேஜையில் பரீட்சைப் பிரிவில் இருந்த ஒரு சாரை உட்கார வைத்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு இந்த வேலை தெரியாது, அதைக் கற்றுக்கொடுக்க அவருக்கும் ஆள் இல்லை. எங்கள் வகுப்பில் எஸ்.சி. பிரிவு மாணவர்கள் நான்கு பேருக்கு அந்த வருடம் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் புதுப்பிப்பது தவறிப்போனது. தேதி முடிந்து பத்து நாள் கழித்துத்தான் அப்படி ஒரு தேதி இருந்ததே அவர்களுக்குத் தெரியும். நோட்டீஸ் போர்டில் போட்டோம் என்றார்கள். போட்டிருந்தார்கள், உண்மைதான், போன வருடப் பொங்கல் விழா நோட்டீஸுக்குப் பக்கத்தில். அக்கா இருந்திருந்தால் வகுப்பு வாசலுக்கே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கள் கல்லூரி புரியும். பெரிய கல்லூரியில் உங்களை யாருக்கும் தெரியாது, ஆனால் ஒரு கவுன்டர் இருக்கும், அந்தக் கவுன்டரில் ஆள் மாறினாலும் வேலை நடக்கும். எங்கள் ஊரில் கவுன்டர் கிடையாது, ஆள்தான். அந்த ஆள் இருந்தால் சொந்தத் தம்பி தங்கைக்குச் செய்வது போலச் செய்வார். இல்லாவிட்டால் பூட்டுத்தான்.

பூட்டு என்றதும் கவுன்சலிங் ரூம் ஞாபகம் வருகிறது. மாடியில் லேடீஸ் ரெஸ்ட் ரூமுக்குப் பக்கத்தில் நல்ல நீல போர்டு வைத்து இருக்கிறது. மூன்று வருடத்தில் அது திறந்து நான் பார்த்தது, தேர்தலுக்கு வாக்கு இயந்திரம் வைக்க இடம் பார்க்க வந்தபோது ஒரு தடவை. உள்ளே பழைய பெஞ்சுகள் இருந்தன. ஆனால் இரண்டாம் வருடம் அப்பாவுக்குக் கால் முறிந்து திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, நான் பத்து நாள் கல்லூரிக்கு வராமல் இருந்தபோது, நான்காம் நாளே எங்கள் ஹெச்.ஓ.டி. மேடம் அம்மா நம்பருக்குப் போன் செய்துவிட்டார். எட்டாம் நாள் வார்டுக்கே வந்தார், கையில் ஆரஞ்சுப் பழமும் இன்டர்னல் பரீட்சை கேள்வித்தாளும். "பரீட்சைய விட்டுறாத, நான் தனியா வச்சுக்கிறேன்" என்றார். 75 சதவீத அட்டென்டன்ஸ் இடிக்காமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். இதற்கு எந்த போர்டும் கிடையாது. மனசு சரியில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் நம்பர் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். இதையாவது அந்த நீல போர்டில் எழுதி வைத்திருக்கலாம்.

இப்படி எல்லாருக்கும் எல்லாரையும் தெரிவதில் இன்னொரு பக்கமும் உண்டு. பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனோடு நின்று நோட்டு வாங்கினால் நான் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் செய்தி வீடு போய்ச் சேர்ந்துவிடும். வாட்ச்மேன் எங்கள் பெரியப்பாவின் கூட்டாளி, லைப்ரரி அண்ணன் பக்கத்து ஊர். ஒரு பிள்ளை துப்பட்டாவைப் பின் குத்தாமல் வந்ததற்கு அசெம்பிளியில் நிற்க வைத்ததையும் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு எங்களில் யாரும் வாயைத் திறக்கவில்லை, நானும்தான். சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கல்லூரி தேடுகிறவர்கள் வேறு இடம் பாருங்கள். ராகிங் இல்லை, அதைத் தாராளமாகச் சொல்லலாம். சீனியர்கள் பெரும்பாலும் அண்ணன் அக்கா முறை, நிஜமாகவே சொந்தக்காரர்கள். தமிழ்நாட்டில் 1997லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது, சேரும்போது நாமும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்கிறோம், எல்லாம் சரி. எங்கள் ஊரில் அதற்கெல்லாம் முன்னால் அத்தை வீட்டில் சொல்லிவிடுவேன் என்கிற பயம்தான் வேலை செய்கிறது.

என்.எஸ்.எஸ். பற்றி ஒரு பத்தி. வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை என்று கணக்கு. அதில் பாதி மணி நேரம் டைரியில்தான் நடந்தது, எழுதுவதற்கே தனித் திறமை வேண்டும். ஆனால் ஏழு நாள் கேம்ப் உண்மையாக நடந்தது. விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் ஊருணிக் கரையில் சீமைக்கருவேலம் வெட்டினோம், நாலு நாள் வெட்டியும் ஒரு மூலைதான் தீர்ந்தது, கை முழுக்க முள். ராத்திரி பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தோம். அந்த ஊர்ப் பெண்கள் கம்மங்கூழ் கரைத்துக்கொண்டு வந்து தருவார்கள், "எங்க வீட்டுப் பிள்ளைகளை விட மோசமா வெட்டுறீயளே" என்று சிரிப்பார்கள். கல்லூரியில் எனக்குக் கிடைத்த பாதி சிநேகிதம் அந்த வராந்தாவில் கிடைத்தது. ஆண்டு விழா, பொங்கல் விழா எல்லாம் எல்லா இடத்திலும் இருப்பது போலத்தான், ஸ்பீக்கர் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. லைப்ரரியில் டி.என்.பி.எஸ்.சி. அலமாரி மட்டும் எப்போதும் காலியாக இருக்கும், மற்ற அலமாரிகளில் புத்தகங்கள் எடுப்பார் இல்லாமல் இருக்கும். நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள்.

சரி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு நிஜமான காரணம் கிரவுண்டு.

கோவில்பட்டி ஹாக்கி ஊர் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது, கடலை மிட்டாய் மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கம் தெருவில் பையன்கள் கிரிக்கெட் மட்டை இல்லாவிட்டாலும் ஹாக்கி ஸ்டிக் வைத்திருப்பார்கள். செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும் இருக்கிறது. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் இரண்டு பேர், மாரீஸ்வரனும் கார்த்தியும், இங்கே பயிற்சி எடுத்துப் போனவர்கள். நான் கல்லூரியில் சேர்ந்தது அதற்கு அடுத்த மாதங்களில். டீக்கடையில் அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வேகத்தில் எங்கள் பி.டி. சார் பெண்கள் ஹாக்கி டீம் தொடங்குகிறேன் என்று அறிவித்தார். அவரும் சுயநிதிப் பிரிவுதான், வருடா வருடம் ஒப்பந்தம். எங்கள் கிரவுண்டு பெரியது, மேனேஜ்மென்ட்டுக்கு நிலத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் கரிசல் மண். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், பந்து அந்த வெடிப்பில் பட்டு எந்தப் பக்கம் தாவும் என்று கருப்பசாமிக்குத்தான் தெரியும். மழை பெய்தால் ஷூவோடு ஒரு கிலோ மண் கூடவே வரும். சார் இரண்டு லோடு சரள் மண் கேட்டு எழுதிக் கொடுத்தார், ஒரு லோடு வந்தது. அதை கோலுக்கு முன்னால் இருக்கிற டி வட்டத்தில் மட்டும் பரப்பினோம், நாங்களே, கூடையில் அள்ளி.

ஆள் சேர்ப்பதுதான் பெரிய பாடு. ஹாக்கிக்குப் பதினொரு பேர் வேண்டும், மாற்று ஆட்களோடு பதினாறு பேராவது வேண்டும். எங்கள் கல்லூரியில் மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் பெண் பிள்ளைகள். அதில் வீட்டில் விடுகிறவர்கள், சாயங்காலம் பஸ் இருக்கிறவர்கள், ட்ராக் பேன்ட் போடச் சம்மதிக்கிறவர்கள் என்று கழித்துக்கொண்டே வந்தால் ஏழு பேர் மிஞ்சினோம். அதில் பள்ளியில் ஸ்டிக் பிடித்தவர்கள் நானும் இன்னொருத்தியும். மீதிக்குக் கபடி டீமிலிருந்து நாலு பேரைக் கடன் வாங்கினார். அவர்களுக்கு எதிராளி பக்கத்தில் வந்தாலே கை போய்விடும், முதல் ஒரு மாதம் விசிலுக்கு ஓய்வே இல்லை. கோல் கீப்பர் த்ரோபால் ஆடிய பிள்ளை. ஹெல்மெட், மார்புக் கவசம், காலில் இரண்டு பெரிய பேட் எல்லாம் மாட்டிவிட்டால் நடக்கவே அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த கீப்பர் கிட் கோவில்பட்டியில் ஒரு கிளப்பில் கழித்துப் போட்டதை சார் கேட்டு வாங்கி வந்தது, ஸ்டிக்குகளும் பாதி அப்படித்தான்.

பஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு இலவசம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும். எங்கள் ஊருக்கு அப்படிக் கடைசி பஸ் ஆறு பத்து. நாலே காலுக்கு வகுப்பு முடிந்து, உடை மாற்றி, ஐந்து நிமிடம் ஓடி, ஐம்பது நிமிடம் ஆடினால் ஐந்தரை. அதற்கு மேல் இழுத்தால் பஸ் போய்விடும், அடுத்தது காசு கொடுக்கிற பஸ், அதுவும் ஊர் விலக்கில் இறக்கிவிடும், அங்கிருந்து இருட்டில் இரண்டு கிலோமீட்டர் நடை. சார் ப்ரின்ஸிபாலிடம் பேசி வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை விளையாட்டுக்கு விடச் சொன்னார். அது ஒரு வருடம் நடந்தது. 'நான் முதல்வன்' என்கிற அரசுத் திறன் பயிற்சி வகுப்புக்கு நேரம் போதவில்லை என்று அப்புறம் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வருட இன்டர் காலேஜியேட்டில் ஏழுக்கு ஜீரோ தோற்றோம். கரிசலில் பழகிவிட்டு முதன்முதலாகச் செயற்கைப் புல்லில் இறங்கினோம். தண்ணீர் தெளித்திருந்தார்கள், பந்து வழுக்கிக்கொண்டு வருகிறது, ஸ்டிக்கைக் கீழே வைப்பதற்குள் தாண்டிப் போகிறது. பெனால்டி கார்னருக்கு ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், எங்கள் கபடிப் பிள்ளைகளில் ஒருத்தி பந்து அடிக்கிறதுக்கு முன்னாலேயே ஓடி விடுவாள், அம்பயர் அவளை நடுக்கோட்டுக்கு அனுப்புவார். மூன்று தடவை அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது யாரும் பேசவில்லை. சார் மட்டும் சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம் பிரித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, "ரெண்டாவது பாதில மூணுதான் வாங்குனோம். அத யாரும் கவனிச்சீங்களா?" என்றார். நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை.

அடுத்த வருடம் இரண்டுக்கு ஒன்று தோற்றோம், அந்த ஒன்று என்னுடையது. இரண்டு பேரைப் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை, அப்பா கால் முறிந்த சமயம். எங்கள் கீப்பர் போனாள். தேர்வாகி வேறு மாநிலத்துக்கு ரயிலேறினாள், அவர்கள் வீட்டில் அதுவரை யாரும் மதுரைக்கு அந்தப் பக்கம் போனதில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இதையும் சார்தான் சொல்வார், மார்க் ஷீட்டை விடப் பத்திரமாக வை என்று. அந்தத் தகுதிப் படிவம் நிரப்புவதே பெரிய வேலை, பிறந்த தேதி, ப்ளஸ் டூ முடித்த வருடம், சேர்ந்த தேதி எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அதை நிரப்பி, ப்ரின்ஸிபால் கையெழுத்து வாங்கி, போட்டோவில் சீல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பாதி ராத்திரி வரை உட்கார்ந்திருப்பார். போட்டிக்குப் போன நாளுக்கு ஓ.டி., அதாவது வந்ததாகவே அட்டென்டன்ஸ், போட்டுத் தர வேண்டும் என்று ஒவ்வொரு டிபார்ட்மென்ட் வாசலிலும் போய் நிற்பதும் அவர்தான். தருகிறவர்கள் தருவார்கள். "விளையாடுறதுக்கா காலேஜுக்கு வந்தீங்க?" என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆமாம் சார், பாதி அதற்குத்தான் வந்தோம்.

மூன்றாம் வருடம் ஜனவரியில் சார் போய்விட்டார். விருதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கே வாங்கினதைப் போல ஒன்றரை மடங்கு சம்பளம். அவருக்கு இரண்டு பிள்ளைகள். போகிறதுக்கு முந்தின நாள் எங்களைக் கூப்பிட்டு ஸ்டிக், பந்து, கீப்பர் கிட் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கிட் ரூமைப் பூட்டி, சாவியை ஆபீஸில் கொடுத்தார். அவ்வளவுதான், பிப்ரவரியில் சாவி எங்கே என்று கேட்டால் ஆபீஸில் ஸ்டோரில் இருக்கிறது என்றார்கள், ஸ்டோரில் ஆபீஸில் இருக்கிறது என்றார்கள். புது பி.டி. சார் வந்தார், வாலிபால்காரர், பையன்களுக்கு நெட் கட்டினார், அவர் நல்லபடியாகத்தான் நடத்துகிறார். ஹாக்கி பற்றிக் கேட்டதற்கு, "டீம் இருந்துச்சா?" என்றார். நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நோட்டீஸ் போர்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கீப்பர் பிள்ளையின் போட்டோ மட்டும் இருந்தது.

மார்க் போடு என்றால் ஐந்துக்கு மூன்று போடுவேன். சார் இருந்த வருடங்களில் கேட்டிருந்தால் நாலரை. படிப்பு சுமார், ஃபீஸ் மலிவு, பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, வேலைவாய்ப்பு முகாம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பின்னிங் மில்லும் வட்டிக்குக் கொடுக்கிற கம்பெனியும். சின்னக் கல்லூரி எதில் சேர்வதாக இருந்தாலும் ப்ராஸ்பெக்டஸைப் பார்க்காதீர்கள். ஒரு வேலை நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போங்கள். கிரவுண்டில் ஆள் இருக்கிறதா, அதில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஆபீஸில் ஸ்காலர்ஷிப் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள், அப்படியே, அவர் லீவு போட்டால் யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு என்ன முகம் காட்டுகிறார்கள் என்பதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தி மகளுக்கு இதையெல்லாம் போனில் வாசித்துக் காட்டினேன், இருபது நிமிடம் ஆனது. பொறுமையாகக் கேட்டாள். அவள் ஹாக்கி ஆட மாட்டாள், வெயிலில் நிற்கவே மாட்டாள். மூன்றாவது மேஜை அக்கா லீவு முடிந்து வந்துவிட்டாரா என்று கேட்டாள், வந்துவிட்டார் என்றேன். அப்ளிகேஷன் போட்டுவிட்டாளாம். "அக்கா, கேன்டீன் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?" என்றாள். பருப்பு வடை நன்றாக இருக்கும், பதினொன்றேகாலுக்குள் போய்விட வேண்டும், அதற்கு அப்புறம் போனால் டீ மட்டும்தான்.